வீட்டு வளவுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு: றெட்சைட் டேஸ் மீனை இனங்காண்பது எப்படி?

மார்க்கம் நகரில் 16ஆவது அவெனியூவாலோ மேஜர் மெக்கன்சி வீதியாலோ வேலைக்குப் போய்வருகிற எங்கள் ஆட்கள் ஒவ்வொரு நாளும் இரண்டு ஓடைகளைக் கடக்கிறார்கள். ஒன்று பேர்சி கிறீக், மற்றது புறூஸ் கிறீக். பாலம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வீதியோரத்தில் ஒரு தடுப்பு, அதற்கப்பால் உயர்ந்த புல், கொஞ்சம் மரம். சிக்னலில் நிற்கும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் புல்லுக்குக் கீழே ஓடும் ஆழமில்லாத தண்ணீர், கனடாவில் அழியும் ஆபத்தில் உள்ளதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஒரு மீனின் பதிவான வாழிடம். விரல் நீளமான அந்த மீனின் பெயர் றெட்சைட் டேஸ்.

நான் கணக்காளன். வர்த்தகப் பட்டதாரி. மீனோடு எனக்கிருந்த உறவு சந்தையில் தொடங்கிச் சட்டியில் முடிந்துவிடும். இந்த மீனின் பெயரை முதலில் கண்டது ஒரு பற்றுச்சீட்டில். ஒப்பந்த வேலை செய்யும் ஒரு தம்பியின் வருடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீதிக்குக் கீழே மதகுக் குழாய் பதித்த வேலையில் "மீன் மீட்பும் இடமாற்றமும்" என்று ஒரு செலவு இருந்தது. இதென்ன தம்பி, மீன் கடை ஏதும் போட்டிருக்கிறீரோ என்று கேட்டேன். "அதை ஏன் அண்ணை கேட்கிறியள்? அந்த ஓடைக்குள்ள ஒரு மீன் இருக்காம். ஜூலை முதலாம் தேதிக்கு முதல் தண்ணிக்குள்ள கால் வைக்கக்கூடாது. செப்டெம்பர் 15க்குப் பிறகும் கூடாது. தண்ணியை மறிக்கிறதுக்கு முதல் ஆக்கள் வந்து மீனெல்லாத்தையும் பிடிச்சு மேல கொண்டுபோய் விடவேணும்" என்றார். அவருக்கு எரிச்சல். எனக்கு ஆர்வம். வரிக் காலம் முடிந்ததும் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்ததில் முதலில் கண்ணில் நின்றது ஒரு கணக்குத்தான். கனடாவில் ஆபத்தில் உள்ள உயிரினங்களை மதிப்பிடும் தேசியக் குழு 2007இல் இந்த மீனை ஆராய்ந்தது. கனடாவில் இது வாழ்ந்ததாகத் தெரிந்த இடங்கள் 24. அவற்றில் 5 இடங்களில் முற்றாக இல்லாமல் போய்விட்டது. இன்னும் 5 இடங்களில் இல்லாமல் போயிருக்கலாம். மிஞ்சிய 14இல் 8 இடங்களில் குறைந்துகொண்டு வருகிறது. கூட்டிப் பாருங்கள், ஐந்தொகை சரியாகப் பொருந்துகிறது. பொருந்துகிற கணக்கு எல்லாம் நல்ல கணக்கு அல்ல. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கனடாவில் இந்த மீனின் பரம்பலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருப்பது ஒன்ராறியோ ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றிய 'பொன் குதிரைலாட' வலயத்துக்குள். வீடுகள் மிக வேகமாக எழும்பும் வலயம் அது. எங்கள் சனத்தில் பெரும்பகுதி வாழ்வதும் அங்கேதான். மார்க்கமும் ஸ்காபரோவும் றூஜ் நதியின் பக்கம். ஏஜக்ஸும் பிக்கறிங்கும் டஃபின்ஸ், கறதேர்ஸ் ஓடைகளின் பக்கம். பிரம்ரனில் பிளெச்சர்ஸ் கிறீக். வோனில் கிழக்கு ஹம்பர். தமிழ்க் கடைத்தொகுதிகளை வரைபடத்தில் குறித்துவிட்டு இந்த மீனின் ஓடைகளையும் குறித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும்.

1987இல் 'விசேட கவனத்துக்குரியது' என்று வகைப்படுத்தப்பட்ட மீன், 2007இல் 'அழியும் ஆபத்திலுள்ளது' என்று மாறியது. 2009இல் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்திலும், 2017இல் சமஷ்டிச் சட்டத்திலும் அதே வகுப்பில் சேர்ந்தது. அமெரிக்காவிலும் மின்னசோட்டா தொடங்கி நியூயோர்க் வரை துண்டு துண்டாக இருக்கிறது.

ஒரு ஓடைக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது? யாரோ ஒருவர் அந்த ஓடையில் இந்த மீனைக் கண்டு, அது இந்த மீன்தான் என்று சந்தேகமின்றி இனங்கண்டு, பதிவு செய்திருக்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை வரித் திணைக்களம் ஏற்காததுபோல, பதிவில்லாத மீனைச் சட்டம் ஏற்காது. மீன் தண்ணீருக்குள் துள்ளிக்கொண்டு இருந்தாலும், கோப்பில் 'கிறீக் சப்' என்று எழுதியிருந்தால் அந்த ஓடைக்கு அந்தப் பாதுகாப்பு வராது. மறுபக்கமும் உண்டு. இல்லாத மீனை இருப்பதாகப் பிழையாகப் பதிந்தால், என் வாடிக்கையாளரைப் போன்ற ஒருவர் தேவையில்லாமல் காசும் காலமும் இழப்பார். ஆகவே இனங்காணுதல் என்பது பொழுதுபோக்குக்காரரின் வேலை மட்டும் அல்ல. ஒரு ஓடையின் தலைவிதி அதில் தொங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், 'டேஸ்' என்பது ஒரு மீனின் பெயர் அல்ல. சின்னச் சின்ன ஓடை மீன்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மினோ' என்பது அதைவிட மோசம். தூண்டில் கடையில் வாளிக்குள் நெளிகிற எல்லாமே மினோ. கணக்குப் புத்தகத்தில் 'சில்லறைச் செலவு' என்று ஒரு தலைப்பு இருக்குமே, எங்கும் பொருந்தாததை எல்லாம் அதற்குள் போட்டுவிடுவார்கள். அனுபவமுள்ள கணக்காய்வாளர் முதலில் திறந்து பார்ப்பது அந்தத் தலைப்பைத்தான்.

இனி மீனைப் பார்ப்போம். எல்லாரும் முதலில் நிறத்தைச் சொல்வார்கள். நான் வாயிலிருந்து தொடங்கச் சொல்வேன். றெட்சைட் டேஸின் உடல் மெலிந்தது, நீளம் பெரும்பாலும் 10 சென்ரிமீற்றருக்குள். இந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். அந்த வாய் மேல்நோக்கிச் சரிந்து திறக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் கோபத்தில் கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கும் சின்னப்பிள்ளை மாதிரி இருக்கும். ஒன்ராறியோ ஓடைகளில் உள்ள மற்ற மினோக்களில் இந்த முகம் கிடையாது. வாய் ஏன் முக்கியம் என்றால், நிறம் காலத்துக்குக் காலம் மாறும், இறந்தபின் மங்கும், நூதனசாலையில் போத்தலுக்குள் பாதுகாக்கும் திரவத்தில் கிடக்கும் மாதிரிகளில் சிவப்பு முழுதாகவே போய்விடும். வாய் மாறாது.

அடுத்தது முதுகுச் செட்டை. அது உடம்பின் நடுவைவிடச் சற்றுப் பின்னே தள்ளி இருக்கிறது. வயிற்றுப் பக்கத்துச் சோடிச் செட்டை தொடங்கும் இடத்திலிருந்து நேரே மேலே ஒரு கோடு கிழித்தால், முதுகுச் செட்டை அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் தொடங்கும். செதில்கள் சிறியவை, நெருக்கமானவை.

மூன்றாவதாக அந்தச் சிவப்பு. தலைக்குப் பின்னால், செவுளை ஒட்டித் தொடங்கி, உடம்பின் முன்பாதியில் மட்டும் ஓடுகிற ஒரு சிவப்புப் பட்டை. முதுகுச் செட்டைக்குக் கிட்டப் போகப்போக மங்கி இல்லாமல் போய்விடும். அதற்கு மேலே பொன்மஞ்சள் நிறத்தில் இன்னொரு கோடு, அது இன்னும் பின்னுக்குப் போகும். வசந்த காலத்தில், முட்டையிடும் நாட்களில், ஆண் மீனின் சிவப்பு இரத்தச் சிவப்பாக இருக்கும். பெண்ணில் மங்கல். குஞ்சுகளில் சில வேளை தேடினாலும் தெரியாது. 'பாதிக் கோடு' என்பதை நினைவில் வையுங்கள். சிவப்பு வால்வரை போனால் சந்தேகப்படுங்கள்.

இனிக் குழப்பும் ஆட்கள். வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கும்போது எது இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். இங்கேயும் அப்படித்தான்.

அதிகம் குழப்புவது கிறீக் சப். அதுவும் அதே ஓடையில், அதே மடுவில் இருக்கும். அதற்கும் வாய் பெரிது. ஆனால் அந்த வாய் நுனியில் நேராகத் திறக்கும், வானம் பார்க்காது. முக்கியமான அடையாளம், முதுகுச் செட்டையின் அடியில் முன்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. பேனையால் தொட்டு வைத்தது போல இருக்கும். அந்தப் புள்ளி இருந்தால் அது றெட்சைட் டேஸ் அல்ல, மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. வளர்ந்த கிறீக் சப் 20 சென்ரிமீற்றருக்கு மேலும் போகும்.

கொமன் ஷைனர் என்பது அகன்ற உடம்புக்காரன். செதில்கள் பெரியவை, உயரமானவை, வெள்ளித் தகடு அடுக்கினது போல மின்னும். முட்டையிடும் காலத்தில் ஆணின் செட்டைகளிலும் பக்கங்களிலும் இளஞ்சிவப்பு ஏறுவதால் தூரத்திலிருந்து பார்ப்பவர் ஏமாறுவார். செதிலைப் பார்த்தால் ஏமாற்றம் தீரும்.

பிளாக்நோஸ் டேஸ் தரையோடு திரிகிற மீன். மூக்கு நுனியிலிருந்து கண் ஊடாக வால்வரை ஒரு கறுப்புப் பட்டை. வாய் சின்னது, மூக்குக்குக் கீழே இருக்கும். ஆண் மீனுக்கு வசந்தத்தில் துருச்சிவப்புப் பட்டை வருவதால் பிழையான பதிவுகளுக்கு இடம் கொடுக்கிற மீன் இது. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற ஒரே கேள்வியில் விடை கிடைத்துவிடும். கீழே பார்த்தால் பிளாக்நோஸ், மேலே பார்த்தால் றெட்சைட்.

நோதேர்ன் றெட்பெலி டேஸுக்கு உடம்பின் பக்கத்தில் ஒன்றல்ல, இரண்டு கருங்கோடுகள். வாய் மிகச் சிறியது. சிவப்பு வயிற்றில். பெயரிலேயே விடை இருக்கிறது. சின்ன ட்ரவுட் குஞ்சுகளையும் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. ட்ரவுட்டுக்கு முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவில் கொழுப்பாலான ஒரு குட்டிச் செட்டை இருக்கும், மினோக்களுக்கு அது இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். இந்த மீன் முட்டையிடும் விதமே இனங்காண்பவருக்கு எதிரானது. மே மாதத்தில், தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது, ஆண் கிறீக் சப் வாயால் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓடையின் அடியில் ஒரு குழியும் மேடும் கட்டும். றெட்சைட் டேஸ் சொந்தமாகக் கூடு கட்டாது. கிறீக் சப் கட்டியதிலும் ஷைனரின் கூட்டிலும் போய் முட்டையிடும். கூட்டுக்காரன் மண்ணைத் துப்புரவாக்கிக் காவல் காப்பதன் பலன் இதன் முட்டைகளுக்கும் கிடைக்கிறது. ஆகவே நீங்கள் கரையில் நின்று பார்க்கும் அந்த ஒரு கூட்டுக்கு மேலே இரண்டு மூன்று இனங்கள், எல்லாம் கல்யாண உடுப்போடு, ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கலப்பினக் குஞ்சுகள் பிறந்த பதிவுகளும் உண்டு. ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து, வாய், செட்டை, கோடு என்று ஒழுங்காகப் பார்க்கவேண்டும். இன்னொருவர் வீட்டில் ஒண்டிக் குடித்தனம் நடத்தும் மீன் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்காபரோ பேஸ்மன்ற்களில் எங்கள் தலைமுறையில் தொடங்காதவர் யார்?

வாய் ஏன் மேலே பார்க்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் இந்த மீனின் முழுக் கதையும் விளங்கிவிடும். இதன் உணவில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இல்லை. தண்ணீருக்கு மேலே பறக்கும் சின்ன ஈக்களையும், கரையோரப் புல்லிலிருந்து விழும் பூச்சிகளையும் இது தின்கிறது. மடுவின் நடு ஆழத்தில் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சி எட்டும் தூரத்தில் வந்ததும் தண்ணீரை விட்டுச் சில அங்குலம் எகிறிப் பிடித்துவிடும். எகிறுகிற மீனெல்லாம் றெட்சைட் டேஸ் அல்ல, ட்ரவுட்டும் எகிறும். ஆனாலும் முழங்காலளவு மடுவில் விரல் நீள மீன் ஒன்று துள்ளினால் நின்று பார்ப்பதில் நட்டமில்லை.

இப்படிச் சாப்பிடும் மீனுக்கு என்னென்ன வேண்டும்? பூச்சி வேண்டும், அதற்குக் கரையில் தண்ணீர்மேல் சாயும் புல்லும் பற்றையும் வேண்டும். பூச்சியைக் காணத் தெளிந்த தண்ணீர் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஒரு புதிய குடியிருப்புத் தொகுதி எழும்பும்போது இவை எல்லாம் ஒரே நேரத்தில் பறிபோகின்றன. வயலாக இருந்த நிலம் கூரையும் தாருமாக மாறுகிறது. முன்பு மண்ணில் ஊறி மெல்ல மெல்ல ஓடையை அடைந்த மழைத் தண்ணீர், இப்போது குழாய் வழியாக ஒரே மூச்சில் வந்து கரையை அரிக்கிறது. மண் கலங்கி, கூழாங்கற்களின் இடைவெளியை அடைத்து, முட்டையை மூடுகிறது. மழையில்லாத நாட்களில் ஓடைக்கு ஊற்றுத் தண்ணீர் குறைகிறது. மாரியில் வீதிக்குக் கொட்டும் உப்பும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

புதுத் தொகுதிகளில் வீடுகளுக்கு நடுவே ஒரு குளம் வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். விற்பனை முகவர்கள் அதைக் காட்டித் தனியாக விலை சொல்வார்கள். அது அழகுக்கு வெட்டிய குளம் அல்ல, மழைத் தண்ணீரைத் தேக்கி அழுக்கைப் படியவிடும் குளம். கோடை வெயிலில் அது காய்ந்து சூடாகும், அந்தச் சூட்டுத் தண்ணீர் மெல்ல ஓடைக்குள் இறங்கும். இதனால்தான் இந்த மீன் உள்ள ஓடைகளுக்கான மாகாண வழிகாட்டி, உள்ளே விடும் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும், கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 7 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்று சொன்னது. குளத்தின் மேற்பரப்பிலிருந்து அல்லாமல் அடியிலிருந்து தண்ணீரை எடுத்துவிடும் குழாய் அமைப்பு இதற்காகத்தான் வந்தது.

லண்டனிலும் பாரிஸிலும் இருந்து வாசிப்பவர்கள் இது கனடாக்காரரின் பிரச்சினை என்று நினைக்கக்கூடும். உங்கள் ஆறுகளின் விலாங்கு, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக மோசமான ஆபத்து வகுப்பில் இருக்கிறது. ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். வன்னிக் குளங்களின் விராலும் கெளிறும் எங்களுக்குத் தெரியும். இலங்கையின் நன்னீர் மீன்களில் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பது பலருக்குத் தெரியாது. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட என்ற இடத்துக்குக் கிட்ட, இறப்பர்த் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் ஒரு சின்ன ஓடையில் ஒரு கெண்டை இனம் கண்டுபிடிக்கப்பட்டு, 1991இல் பண்டுல கெண்டை என்று தனி இனமாக விபரிக்கப்பட்டது. மொறிஸ் கொட்டலா, றொஹான் பெத்தியாகொட என்ற இருவர் அதை விபரித்தார்கள். மீன் தொட்டிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான கரும்பட்டைக் கெண்டையின் நெருங்கிய சாயல் அதற்கு. சாயலைத் தாண்டி வித்தியாசத்தைக் கண்டு எழுதிவைத்ததால்தான் அந்த ஓடை பாதுகாக்கவேண்டிய ஓடை என்று உலகம் அறிந்தது.

றெட்சைட் டேஸைத் தேடும் நிபுணர்கள் இழுவலை போடுவார்கள், அல்லது தண்ணீரில் மெல்லிய மின்சாரம் செலுத்தி மீனைச் சற்று மயங்கவைத்து, கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுவார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு முறையும் வந்திருக்கிறது. மீன் உதிர்க்கும் சளி, கழிவு, செதில் இவற்றிலிருந்து மரபணுத் துணுக்குகள் தண்ணீரில் மிதக்கும். ஒரு போத்தல் ஓடைத் தண்ணீரை வடிகட்டி, அதில் இந்த மீனின் மரபணு இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கிறார்கள். ரொறன்ரோ பெரும்பாகத்து ஓடைகளில் இந்த மீனுக்கே இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மீனைத் தொடவே தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் எத்தனை மீன், எந்த வயது, முட்டையிடுகிறதா என்பதை அந்தப் போத்தல் சொல்லாது. கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. மாகாணத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி, இந்த மீன் வாழும் ஓடையை மட்டும் அல்ல, ஓடை வளைந்து நெளியும் முழுப் பட்டையையும், அதற்கு வெளியே 30 மீற்றர் வரையான புல்வெளியையும் விவசாய நிலத்தையும் வாழிடமாகக் கணக்கெடுத்தது. பூச்சி வருவது அந்தக் கரையிலிருந்துதான் என்பதை விளங்கி எழுதின விதி அது. 2025 ஜூனில் நிறைவேறிய சட்டமூலம் 5 அந்தச் சட்டத்தைத் திருத்தி, வாழிடம் என்பதன் வரையறையைச் சுருக்கியது. சமஷ்டிச் சட்டம் தொடர்ந்து இருக்கிறது. அதன்படி இந்த மீனைக் கொல்வதும் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம்.

வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அகதியாக வந்து, மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்து, ஒவ்வொரு டொலராகச் சேர்த்து வாங்கின வீட்டின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் 'மீனால்தான் வீடு விலை ஏறுகிறது' என்று எங்கள் விருந்துகளில் பேச்சு வரும்போது கணக்காளனாக ஒன்று சொல்லத் தோன்றும். நான் பார்த்த ஒப்பந்தக் கணக்குகளில் வட்டியும் காணி விலையும் இருக்கும் உயரத்தில் மீன் செலவு இல்லை. அந்தத் தம்பியின் பற்றுச்சீட்டுக்கூட அவருடைய இயந்திர வாடகைக்குக் கிட்ட வரவில்லை. அவருக்கு வலித்தது காசைவிடக் காத்திருப்பு.

எங்களில் தூண்டில் போடுகிறவர்கள் நிறையப் பேர். சிம்கோ ஏரிக்கும் றூஜ் கழிமுகத்துக்கும் சனி ஞாயிறு போகும் ஐயாமார், அண்ணைமார் இதைக் கவனிக்கவேண்டும். தூண்டிலுக்கு உயிர் மீன் பாவிப்பதானால் வாளிக்குள் இருப்பது என்ன என்று ஒரு தடவை பாருங்கள். ஆபத்திலுள்ள இனங்களைத் தூண்டில் இரையாகப் பாவிக்கக்கூடாது. தெரியாது என்று சொல்வது நியாயமாகாது. மிஞ்சிய மீனை வாளியோடு தண்ணீரில் கொட்டுவதும், கரையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டுவதும் ஒன்ராறியோவில் சட்டவிரோதம். பாவம், உயிரோடு விடுகிறேன் என்று நினைத்துச் செய்வார்கள். அதே பாவம்பார்ப்பில்தான் வீடு மாறும்போது தொட்டியின் தங்கமீனையும் பக்கத்துக் குளத்தில் விடுகிறார்கள். அது அங்கே பெருகி, வெள்ளத்தில் ஓடைக்குள் போய்விடும்.

றெட்சைட் டேஸைப் பார்க்க விரும்பினால் வலை வேண்டாம், தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம். மே மாதத்தில் கூழாங்கல்லுக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு அடியும் முட்டைமேல் விழலாம். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள், உங்கள் நிழல் மடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலறைஸ்ட் கண்ணாடி போட்டால் அடிவரை தெரியும். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் மீன் திரும்ப வரும். கைத்தொலைபேசியில் படமோ காணொளியோ எடுங்கள். பக்கவாட்டு, வாய் தெரியும்படி ஒன்று, முதுகுச் செட்டை தெரியும்படி ஒன்று. திகதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாகாணத்தின் இயற்கை மரபுத் தகவல் நிலையத்துக்கோ ஐநேச்சுரலிஸ்ட் செயலிக்கோ அனுப்பலாம்; அருகிவரும் இனங்களின் துல்லியமான இடத்தை அந்தச் செயலி மற்றவர்களுக்கு மறைத்துக் காட்டும். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். றோயல் ஒன்ராறியோ நூதனசாலை 2009இல் வெளியிட்ட நன்னீர் மீன் கையேட்டை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் படமே போதும், அவர்களின் கண் எங்கள் கண்ணைவிடக் கூர்மை.

வரிப் பத்திரம் கொடுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30. அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் ஓடைத் தண்ணீர் 16 டிகிரியை எட்டிவிடும். கணக்காளர்களுக்கு இதைவிட வசதியான மீன் கிடையாது.